வாசலில் நீட்டிய கை

கை நீட்டினான். யாரும் பிடிக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும், பிரசங்கித்தவர் வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்து அனுப்புவது அந்தச் சபையின் வழக்கம். பதினொரு வருடமாக அந்தச் சபையின் போதகராக, ஊர் வாயில் ஐயராக, அங்கே நின்றவன் அவன்.

இன்று அவன் மனைவி பிரசங்கித்தாள்.

பழக்கதோஷம். அவனும் வந்து பக்கத்தில் நின்றுவிட்டான்.

இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாடு நடத்துகிறவள் அவள். கடவுள் மனிதனைத் தம் சாயலில் படைத்தார் என்கிறதே வேதம், அந்தத் தேவசாயல் மூளையில் இல்லை என்றாள். அந்தக் காலத்து ராஜாக்கள், தாங்கள் போக முடியாத ஊர்களில் தங்கள் சிலையை நிறுத்தினார்களாம். எபிரேய வேதம் சிலைக்குச் சொல்கிற அதே சொல்லைத்தான் மனிதனுக்கும் சொல்கிறதாம். இன்றைய அறிஞர்கள் பலர் அப்படித்தான் வாசிக்கிறார்களாம். கடவுளின் இடத்தில் இங்கே நிற்கிறோமே, அதுதான் சாயல் என்றாள். அறிவாளியும் நிற்கிறான், அறியாதவனும் நிற்கிறான் என்றாள்.

சாயல் என்றால் பகுத்தறிவு. பதினொரு வருடமும் அவன் அதைத்தான் சொன்னான். ஒருத்தரும் கண்ணைத் துடைத்ததில்லை.

இன்று முன்வரிசை முழுக்கக் கைக்குட்டை.

வயிறு எரிந்தது. பொறாமைதான். கட்டின மனைவிமேல் பொறாமை.

வரிசையில் பெமிலாவின் அம்மா வந்தாள். பெமிலாவுக்குப் பதினாறு வயது. ஒரு பாடமும் மனதில் நிற்காது. விசுவாசத்தைத் தானே அறிக்கையிட வேண்டிய திடப்படுத்தலைப் புரியாத பிள்ளைக்குக் கொடுத்து, அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்தில் எப்படிச் சேர்ப்பது என்று போன மாதம் அந்த அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி அனுப்பியவன் அவன். பேராயருக்கு அனுப்ப வேண்டிய பெயர்ப்பட்டியல் இப்போதும் அங்கியின் பையில் இருந்தது.

அவள் அவனைத் தாண்டிப் போய் மனைவியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப எம்பிள்ள பேரையும் எழுதலாமா, ஐயரம்மா?"

மனைவி திரும்பி அவனைப் பார்த்தாள்.

அதையும் அவளே சொல்லிவிடட்டுமே என்றிருந்தது அவனுக்கு. சொல்லிவிடுவாளோ என்றும் இருந்தது.

அப்போதுதான் கவனித்தான். நீட்டிய கையை யாரோ பிடித்திருந்தார்கள்.

பெமிலா. வாயோரம் எச்சில். கையைக் குலுக்கிக்கொண்டே இருந்தாள்.

மெல்ல இழுத்துப் பார்த்தான். விடுகிறதாக இல்லை.

பட்டியலை எடுத்துச் சுவரில் வைத்தான். முழங்கையால் அழுத்திக்கொண்டு இடது கையால் எழுதினான். எழுத்து கோணல்மாணலாக வந்தது.

அம்மா அழுதாள். மனைவியின் கைகளைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

மறுபடியும் எரிந்தது.

பெமிலா இன்னும் அவன் கையை விடவில்லை.