எறும்பு கடிச்ச மாதிரி

மண்டபத்தில் கிடா விருந்து தயார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை நறுமுகை தாய்மாமன் சீனிச்சாமியின் மடியில் உட்கார்ந்திருந்தது. ஆசாரி மட்டும் ஊசியைத் தொடவில்லை. பிள்ளையின் சம்மதம் இல்லாமல் யார் காதிலும் ஊசி ஏறக்கூடாது என்பது சட்டம். பேச்சு வராத பிள்ளைகளுக்காக எல்லா மண்டபத்திலும் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளை இருபது வயதில் எப்படிப் பேசுமோ, அப்படியே அந்தப் பெட்டி பேசும்.

குழந்தையின் அம்மா அன்னமயில் பெட்டியின் முன் உட்கார்ந்தாள். அவளிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் அவள் கடை போடும் சந்தையில் ஒருத்தரும் கிடையாது. பெற்ற மகளைச் சம்மதிக்க வைப்பதா பெரிய காரியம்?

"அம்மா பேசுறேன். காது குத்திக்கிறியாடி?"

"வலிக்குமாம்மா?" என்று கணீரென ஒரு பெண்குரல் கேட்டது.

அன்னமயிலுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆனாலும் சமாளித்துக்கொண்டு, "சேச்சே, வலிக்கவே வலிக்காது தங்கம். எறும்பு கடிச்ச மாதிரிதான். குத்தினதே தெரியாது" என்றாள்.



"யம்மா, எனக்கேவா காது குத்துற?"

மண்டபமே சிரித்தது. ஆசாரி ஊசியைப் பைக்குள் போட்டார்.

"வாங்கின தோட்டை என்ன பண்றது?" என்று முனகினான் சீனிச்சாமி.

"உன் காதுல போட்டுக்க" என்ற அன்னமயில், மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பந்திக்கு நடந்தாள். சமையல்கட்டிலிருந்து வந்த மாமியார், "என்னத்தா, குத்தியாச்சா?" என்றாள்.

"குத்தித்தான் பார்த்தேன் அத்தை" என்றாள் அன்னமயில், முகமெல்லாம் பூரிப்பாக. "எம் மககிட்ட நடக்குமா?"