மணிக்கட்டுக் கயிறு

"இன்னும் நாலு அடிதான் தம்பி. என் தோளைப் பிடிச்சுக்கோ," என்றார் மெக்கானிக்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வலது காலை ஊன்றினான். நின்றபடி ஓட்டும் ஜெட் ஸ்கி என்ற நீர்வண்டிப் பந்தயத்தில் தண்ணீரில் விழுந்தவனை, அதே வண்டி வட்டமடித்து வந்து இடித்ததில் தொடை எலும்பு மூன்றாக உடைந்திருந்தது. எட்டு மாதமாக அவனைத் தூக்கி, குளிப்பாட்டி, நடக்கவைப்பவர் அந்த வண்டியின் மெக்கானிக்தான். சொந்த அண்ணன்கூட இரண்டாவது வாரமே கழன்றுகொண்டான்.

அவன் எதிர்ச்சுவரைத் தொட்டதும் அவர் பொலபொலவென்று கண்ணீர் விட்டார்.

"என்னண்ணே இது?"

"ஆள் விழுந்தா, கையில மாட்டின கயிறு ஸ்விட்ச்சிலேர்ந்து கிளிப்பை உருவிடும். எஞ்சின் உடனே நின்னுரும். கயிறு கையிலதான் இருந்ததுன்னு நீயே சொன்னே. அப்பவும் நிக்கலேன்னா நான் வச்ச ஸ்விட்ச்தானே தப்பு? அன்னிக்கிலேர்ந்து ஸ்பேனரைத் தொடவே இல்ல. பட்டறையை மூடிட்டேன். வீட்டுக்காரி பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அவங்கப்பா வீட்டுக்குப் போயிட்டா."

அவன் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விழும்போதெல்லாம் எஞ்சின் நின்று நேரம் வீணாகிறது என்று, அன்று அந்தக் கயிற்றைக் கையில் மாட்டாமல் வண்டியின் கைப்பிடியிலேயே சுற்றிவிட்டவன் அவன்.

சொல்ல வாயெடுத்தான். கட்டிலுக்குத் திரும்பிப்போக இன்னும் பன்னிரண்டு அடி இருந்தது.

"விடுங்கண்ணே. உங்களை நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்," என்றான். "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா வாங்க. மாடிப்படி பழகணும்."