கம்ப்யூட்டர் பார்த்த சுவர்

"ஏனுங்க அம்மணி, உங்க சுவரு மறுபடியும் எங்க பக்கம் சாயுதுங்க!"

புது வீட்டுக்கென இறக்கிய செங்கல் குவியல் மேல் உட்கார்ந்திருந்த ஹபீபுன்னிசாவுக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. அடுத்த வீட்டுக் குமாரசாமி சொன்னாரென்று ஒரு தடவை இடித்துக் கட்டியாயிற்று. குடியிருக்கும் வாடகை வீட்டையோ ஆடி முடிவதற்குள் காலி செய்தாக வேண்டும்.

"கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தாருங்கண்ணா. நேராத்தான் இருக்குதுங்க."

"குண்டு காத்துக்கு ஆடுமுங்க. காமிரா ஆடுமா?"

அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை குமாரசாமிக்குத் தெரிந்தாக வேண்டும். அவர் மகன் தனபாலுக்கோ, வீதியிலேயே ஒரே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. இருவருமாகச் சேர்ந்து தங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சிமென்ட் வைத்து ஒரு காமிராவைப் பதித்துவிட்டார்கள். அதில் விழும் படத்தில் கம்ப்யூட்டர் கோடு போட்டு, சுவர் எவ்வளவு விலகியது என்று சொல்லிவிடும்.

"இந்தக் காத்துல தூசி அப்பியிருக்குமுங்கண்ணா."

"தினமும் துடைக்கிறமுங்க. நாளைக்கே கார்ப்பரேஷன்ல எழுதிக் குடுத்துப்போடுவேன், பாத்துக்குங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி பாவாத்தாள் கத்தினாள்: "ஏனுங்க, தலைவாசக் கதவு மறுக்காவும் சாத்த மாட்டேங்குது!"

"ஆசாரிய வரச் சொல்லி இழைச்சுக்கலாம், சும்மா இரு!"

கார்ப்பரேஷன் ஆள் வந்தால் வேலை நிற்கும். ஒருமுறை நின்றால் எப்போது தொடங்குமோ? ஹபீபுன்னிசா பெருமூச்சு விட்டாள். "இடிச்சுப்போடறனுங்கண்ணா."

மறுநாள் சாயங்காலம் சுவர் இருந்த இடத்தில் புழுதிதான் பறந்தது. குமாரசாமி திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது தனபால் மாடியிலிருந்து ஓடி வந்தான்.

"அப்பா, சுவரு கட்டறதுக்கு முந்தி எடுத்த படத்தோட இன்னைக்குப் படத்தை வெச்சுப் பார்த்தனுங்க. எதுத்தாப்பல இருக்கற தண்ணித் தொட்டி, லைட்டுக் கம்பம் எல்லாமே அதே பக்கம், அதே அளவு சாயுதுங்க."

"அதையும் இந்த அம்மணிதான் கட்டுச்சா?" சிரித்தார் குமாரசாமி.

தனபால் சிரிக்கவில்லை. "எதுவுமே சாயலீங்கப்பா. காமிரா நிக்கற நம்ம ஊடுதான் சாயுது. பழைய கெணத்தை மூடிக் கட்டுனீங்களே, அந்த மூலை இறங்குதுங்க."

ஹபீபுன்னிசா அந்த மாடியை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு செங்கல் குவியலை விட்டு எழுந்து, நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.