முனகும் மதர்போட்

"இதுவும் வேணாம் தம்பி. இது சத்தமே போடுதில்லையே."

மூன்றாவது மதர்போட்டிலிருந்து காதை எடுத்துவிட்டு எத்தல் அன்ரி இப்படிச் சொன்னபோது, ஜெயரூபனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

செங்கலடிச் சந்தியில் அவன் கம்பியூட்டர் கடை போட்டு ஒன்பது வருடம். வந்தாறுமூலைக் கம்பஸ் பெடியன்கள் வருவார்கள், ஏறாவூரிலிருந்து வருவார்கள். எல்லாரும் சத்தமில்லாத போட்தான் கேட்பார்கள்.

சில போட்டுகளில் கரண்ட் பாயும்போது சின்னச் சின்னச் சுருள்களிலிருந்து ஒரு கீச்சு முனகல் எழும். கேம் ஓடினால் ஏறும், விட்டால் இறங்கும். அது காதில் விழுந்ததோ, மறுநாளே கொண்டுவந்து மேசையில் போட்டுச் சண்டை பிடிப்பார்கள்.

இந்த மனுசிக்கோ அந்த முனகல்தான் வேண்டுமாம்! மட்டக்களப்பு ரவுனில் உள்ள கடை முழுக்க ஏறி இறங்கிவிட்டு, பூப்போட்ட கவுணும் குடையுமாக பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

மகள் கிம்முடைய கேமிங் கம்பியூட்டராம். கார்த்திகை இடியோடு பழைய போட் செத்துப்போனதாம். பேக்கரியில் வாங்கும் இரண்டு றாத்தல் பாணைச் சேர்த்து வைத்த அளவுதான் கம்பியூட்டர்ப் பெட்டி. ஆகவே போட்டும் சாணளவில் இருக்க வேண்டும். அதற்காக ஏதோ ஒன்றைத் தலையில் கட்டிவிட முடியாது. பிறகு பிறகு புதுப் பாகங்கள் கூட்டிப் போட இடம் இருக்க வேண்டும் என்பதில் அன்ரி மகா கறார்.

எல்லாம் சரி, சத்தம் எதற்கு என்று கேட்டான்.

"நான் குசினியில இரிப்பன் தம்பி. அவள் எப்ப விளையாடுறாள் எண்டு எனக்குக் கேக்கோணும். அவளுக்கு நேரகாலமே இல்ல. சில நாள் விடியவே தொடங்கிருவாள், சில நாள் நான் சோறு வடிக்கக்குள்ள."

அட, அப்படியா சங்கதி! சோதனை எழுதுகிற பிள்ளைகளின் தாய்மார் போடுகிற கூத்து ஜெயரூபனுக்குப் புதிதா? ஒருத்தி வயரைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள். ஒருத்தி வந்ததும் வராததுமாக மொனிற்றரைத் தொட்டுச் சூடு பார்ப்பாள். ஆனால் மதர்போட்டையே உளவு பார்க்க வைக்கிற தாயை அவன் கண்டதில்லை. வல்லவனுக்கு வல்லவன் வையகத்தில் உண்டு என்று சும்மாவா சொன்னார்கள். பாவம் அந்தப் பெட்டை.

இப்போது வருகிற போட்டெல்லாம் நல்ல போட், முனகாது என்று சொல்லிப் பார்த்தான். அன்ரியின் முகம் விழுந்துவிட்டது. நாலு மாதமாக வீடு வெறிச்சென்று கிடக்கிறது, விசர் பிடிக்கப் பார்க்கிறது, இங்கேயும் கிடைக்காவிட்டால் நான் எங்கே போவேன் என்றார். கண் கலங்கியிருந்தது.

கிம் கோபித்துக்கொண்டு முகம் கொடுத்துப் பேசுவதில்லையாக்கும் என்று எண்ணிக்கொண்டான்.

மனம் கேட்கவில்லை. ஏணியில் ஏறி, அலுமாரிக்கு மேலே வெட்கத்தில் ஒளித்து வைத்திருந்த ஒன்றை இறக்கினான். விற்று, திரும்பி வந்த போட். அளவில் சின்னது, குணத்தில் தங்கம். குறை அந்த முனகல் ஒன்றுதான்.

"இதில புரசசர மாத்தலாம், ராமைக் கூட்டலாம், பெரிய கார்ட்டும் போடலாம். அஞ்சாறு வருசத்துக்குப் பயமில்ல அன்ரி."

"அதுக்குப் பிறகு?"

அதற்குள் மகள் கலியாணம் கட்டிப் போய்விடுவாள் என்று பகிடி விட்டான். அன்ரி சிரிக்கவில்லை. கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு வந்திருந்த கிம்மின் பழைய டிஸ்க்கை எடுத்து நீட்டினார். அவளுடைய கேமெல்லாம் அதில்தானாம்.

அதையே அந்தப் போட்டில் பூட்டி, கடை மொனிற்றரில் கொடுத்தான். பஸ் இரைச்சல் கேட்காமலிருக்கக் கண்ணாடிக் கதவைச் சாத்தி, காற்றாடியையும் நிறுத்தினான். பகல் இரண்டு மணி வெயிலில் கடை அவிந்தது.

கேமைத் திறந்தான். ஒரு காடு. வாளோடு ஒரு பெட்டை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். போட் மெல்ல முனகத் தொடங்கியது.

அன்ரி குனிந்து காதை வைத்தார். அந்த முகத்தில் வந்த சந்தோசத்தைப் பார்க்க அவனுக்கும் சந்தோசமாக இருந்தது.

"இது சும்மா நிக்கிற சத்தம் அன்ரி," என்று கையைக் கட்டிக்கொண்டு விளக்கினான். "ஆராவது விளையாடினாத்தான் ஏறி இறங்கும்."

சத்தம் ஏறியது.

இறங்கியது. மறுபடி ஏறியது.

திரையில் வாள்காரி திரும்பினாள். ஒரு மரத்தைச் சுற்றி வந்தாள். ஓடினாள், பாய்ந்தாள்.

ஜெயரூபன் தன் கைகளைப் பார்த்தான். கட்டினது கட்டினபடிதான் இருந்தன. கீபோட்டும் மவுசும் தொடுவாரின்றிக் கிடந்தன. கோளாறு ஏதுமோ என்று இரண்டு வயரையும் பிடுங்கினான்.

அவள் நிற்கவில்லை. இன்னும் வேகமாக ஓடினாள்.

பிடுங்கிய வயர்களோடு அவன் சுவர்வரை பின்வாங்கினான்.

எத்தல் அன்ரி போட்டுக்கு இன்னும் கிட்டக் குனிந்தார்.

"கிம், கொஞ்சம் பொறு மகள். வீட்ட போய் விளையாடலாம்."

சத்தம் இறங்கி ஒரே முனகலில் நின்றது. வாள்காரியும் நின்றுவிட்டாள்.

அன்ரி நிமிர்ந்து, கைலேஞ்சியை உதறி மடித்தார்.

"பயப்பிடாதீங்க தம்பி," என்றார். "உசிரோட இரிக்கக்குள்ளயும் அவளுக்குப் பொறுமை கொஞ்சமும் இல்ல."