அம்மாவின் கல்லறைப் பாட்டு

பாட்டெழுதிப் பிழைக்கும் மெண்டல் அவசரப்பட்டுவிட்டான். அம்மாவைப் புதைத்த சோகத்தைப் பாட்டாக்கி, தன் பெயரோடு அச்சேற்றிவிட்டான். நியூயார்க்கில் பியானோ இருந்த வீடெல்லாம் அழுதது. அடுப்படியில் சூப் கிண்டிக்கொண்டிருந்த ஃப்ரீடா மட்டும் வாயே திறக்கவில்லை. அவள் முகம் சுளித்தால் மெண்டலுக்கு எதுவும் தொண்டையில் இறங்காது.

"மெட்டு சரியில்லையா?"

ஃப்ரீடா சூப்பில் உப்பைத் தூவினாள்.

"மூணாவது சரணத்துல சவப்பெட்டி கொஞ்சம் அதிகமோ?"

கரண்டி நின்றது. மெண்டல் அடுப்படிக்கே வந்துவிட்டான்.

"ஏதாவது சொல்லேன்! பிடிக்கலேன்னா நாளைக்கே பழையபடி தொப்பிக் கடைக்குப் போயிடறேன்."

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. நானே அழுதேன்," என்றாள் ஃப்ரீடா. "ஆனா காலையிலேருந்து சாவு வீட்டு வழக்கப்படி தெருவே அவிச்ச முட்டையோட துக்கம் விசாரிக்க வருதுடா மகனே. கதவைத் திறக்கிறது நான்தானே!"