அறுநூறு

பெட்ரோல் மிச்சமாகுமே என்று மகளின் பைக்கில் ஐடிலிங்கை, அதாவது ஆக்ஸிலேட்டரைத் திருகாதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை, குறைத்து வைத்தவர் அப்பாதான். நாற்சந்தியின் நடுவில் இன்ஜின் அணைந்தது. பின்னால் வந்த லாரி நிற்கவில்லை. வீட்டுக்குத் திரும்பியது பைக் மட்டும்தான்.

அவர் இன்ஜினின் நிமிடச் சுற்றுகளைக் காட்டும் சின்ன டேக்கோமீட்டர் ஒன்றை வாங்கிவந்து, அதன் ஒயரைப் பிளக் ஒயரில் சுற்றினார். அன்று அவர் குறைத்து வைத்தது அறுநூறு என்று காட்டியது; ஐடிலிங் திருகை ஆயிரத்து முந்நூறுக்கு ஏற்றி நிறுத்தினார். மறுநாள் காலையில், இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் மீட்டர் பழைய அறுநூறையே காட்டியது. வண்டி திணறி அணைந்தது. மறுபடி வைத்தார். அடுத்த நாளும் அறுநூறுதான்.

“யாருக்காக இந்தப் பாடு? வித்துத் தொலைங்க,” என்றாள் மனைவி.

அன்று மறுபடி ஆயிரத்து முந்நூறில் வைத்து, திருகின்மேல் மகளின் நெயில் பாலிஷைத் தடவிக் காயவிட்டு, ஷெட்டைப் பூட்டினார். காலையில் மனைவியும் கூடவே வந்து குனிந்து பார்த்தாள். பாலிஷில் ஒரு கீறல்கூட இல்லை. மீட்டரில் அறுநூறு. வண்டி அணைந்தது.

அவள் ஸ்குரூடிரைவரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“இன்னொரு தடவை வெச்சுப் பாருங்க.”