காசிலிங்கத்தின் கோமதி

"கோமதிய விட்டுட்டு வரமாட்டேன்னு சொல்லிட்டாவக்கா" என்று தாணுலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்தான். பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரியில் ஓடும் பஸ்ஸில் தூத்துக்குடியிலிருந்து சாத்தான்குளம் வந்ததில் துண்டு கறுப்பாகிவிட்டது.

செல்லக்கனி அழவில்லை. புருசன் இன்னொருத்தி பேரைச் சொல்லி வர மறுத்தால் அழலாம். கோமதி ஒரு கொய்யா மரம்.

கருப்பட்டிக் கடை காசிலிங்கம் பதினோரு வருசத்துக்கு முன்னால் அதைக் கொல்லையில் நட்டார். பெற்ற பிள்ளைகளுக்குப் பேர் வைக்கும் வேலையை மாமனாரிடம் விட்டவர், மரத்துக்குத் தாமே பேர் வைத்தார். மூத்த மகளுக்குக் காய்ச்சல் கண்ட அன்று அவர் இலைக்கடியில் மாவுப்பூச்சி தேடிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நடந்தால் உப்பளம். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. குழாயடியில் காத்துக் கிடந்து செல்லக்கனி கொண்டுவரும் நல்ல தண்ணீரில் முதல் குடம் கோமதிக்கு. மிச்சம்தான் உலைக்கு.

ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டதும் தூத்துக்குடியில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அடுத்த குண்டு நம் துறைமுகத்துக்குத்தான் என்று பேச்சு. செல்லக்கனி பிள்ளைகளோடு தம்பி வீட்டுக்குப் போக மூட்டை கட்டினாள். காசிலிங்கம் அசையவில்லை.

"நான் வந்துட்டா கோமதிக்கு யாருளா தண்ணி ஊத்துவா?"

அவள் சண்டை போடவில்லை. கிளம்புவதற்கு முந்தின வாரம் முழுக்க, விடிந்ததும் அவளே இரண்டு குடம் சுமந்துவந்து மரத்தடியில் ஊற்றினாள். அத்தனை வருசம் மரத்தை முறைத்துக்கொண்டு திரிந்தவள் இப்படி மாறியதைப் பார்த்து காசிலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது கலங்காத கண் அது.

மூன்று மாதம் ஆயிற்று. பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் செல்லக்கனி தெருவை எட்டிப் பார்த்தாள். இன்றைக்கு வந்துவிடுவார், நாளைக்கு வந்துவிடுவார் என்று இருந்தாள். வரவில்லை. குண்டு விழுந்து தாலி போய்விடுமோ என்ற பயத்தில்தான் தம்பியை அனுப்பினாள்.

"மெலிஞ்சி போயிருக்காவளாலே?"

"யாரு, அத்தானா? தொப்ப போட்டிருக்காவ. கன்னமெல்லாம் மினுமினுங்குது. தானே பொங்கித் திங்காவளாம்."

"அண்ணாச்சிக்கு அடுப்புப் பத்தவைக்கத் தெரியாதே" என்றாள் தாணுலிங்கத்தின் மனைவி சீனித்தாய்.

"அப்படின்னா மூணு நேரமும் கொய்யாப்பழம் போல" என்றான் தாணுலிங்கம்.

செல்லக்கனி கேட்டாள்: "மரத்தப் பாத்தியா?"

"எங்கன பாக்க? கடையிலேயே உக்கார வச்சி அனுப்பிட்டாவ. களவாணிப் பயலுவ காயப் பறிச்சிருதானுவன்னு வீட்டையும் கொல்லையையும் பூட்டியே போட்டிருக்காவளாம். இந்தா, இதக் குடுத்துவிட்டாவ. கோமதி இந்த வருசம் கொம்பு ஒடியக் காய்ச்சிருக்கா, அவள இப்படி விட்டுட்டு எப்படி வாரதுன்னு ஒங்க அக்காகிட்டச் சொல்லுன்னாவ."

பனையோலைக் கூடையில் இருபது பழம் இருக்கும். நசுங்காமல் வைக்கோல் வைத்து அடுக்கியிருந்தது. காசிலிங்கம் கடையில் கருப்பட்டியைக்கூட இவ்வளவு பதமாக அடுக்கியதில்லை.

சீனித்தாய் ஒன்றை எடுத்துக் கடித்தாள். "நல்ல ருசி மதினி. ஒங்க அப்பா ஒங்களக் கட்டிக் குடுத்ததுக்குப் பதிலா அண்ணாச்சிக்கு ரெண்டு பதியன் குடுத்திருக்கலாம்."

தாணுலிங்கம் சிரித்தான். "குண்டு விழுந்தாலும் மரத்தக் கட்டிப் பிடிச்சிக்கிட்டுத்தான் சாவாவ. விடுக்கா, பாசம் அப்படி."

செல்லக்கனி ஒரு பழத்தைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள். கடிக்கவில்லை. கூடையிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்த் தகரப்பெட்டியோடு வந்தாள்.

"திரும்பிப் போற பஸ் எப்பம்லே?"

"என்னக்கா இது? அவுகளுக்குத்தான் கிறுக்குன்னா, ஒனக்குமா? குண்டுக்கு அடியில போயி என்ன செய்யப் போற?"

"அங்கன பொங்கிப் போடுதது யாருன்னு பாக்கணும்."

"யாரு போடுவா? அங்க கோமதிய விட்டா ஆரு இருக்கா?" என்றாள் சீனித்தாய், வாய் நிறையப் பழத்தோடு.

செல்லக்கனி செருப்பை மாட்டினாள்.

"அந்த ஒரு வாரமும் நான் அவளுக்கு ஊத்துனது உப்பளத்துத் தண்ணி."